ஃபெர்ன்ஹில்லில் ஒரு பொது இலக்கணம்

நீலமலையில் அறிவின் தடங்கள் – பகுதி 17

இத்தொடரின் முந்தைய பகுதிகளில் வந்த ஆய்வாளர்கள் அனைவரையும் ஒரு பொதுத்தன்மை இணைக்கிறது. 1901-02-இல் நீலகிரிக்கு வந்து தொதவர்களின் கண்பார்வையையும் தொடுவுணர்வையும் கருவிகளால் அளந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், அதே கையோடு அவர்களுடைய பால்கோயில் சடங்குகளையும் நுணுக்கமாகக் குறித்துக்கொண்டு 1906-இல் ‘தி தோடாஸ்’ என்ற பெரும் நூலாக்கினார். 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் செய்தது. ராபர்ட் மெக்காரிசன் அதே குன்னூரில் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். இவர்களிடம் அறிவியல் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தது. மலைமக்களின் சமயமும் சிந்தனையும், அவை கவனிக்கப்பட்ட அளவில், பதில் சொல்லும் இடத்திலேயே இருந்தன. தொதவர் பாலைப் புனிதமாகக் கருதினர் என்பது ஒரு தகவலாகப் பதிவாயிற்று. அந்தக் கருத்துக்குள் உலகை அறியும் ஒரு முறை இருக்கக்கூடும் என்ற கோணத்தில் அது விவாதிக்கப்படவில்லை. அறிவியலும் சமயமும் தத்துவமும் ஒரே பாயில் சமமாக உட்கார்ந்து பேச வேண்டும், பேசுவதற்கு முன் மூன்றுக்கும் பொதுவான ஒரு பேச்சுமுறையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இம்மலையில் வேரூன்றியது 1923-க்குப் பிறகுதான். அந்த ஆண்டில்தான் நடராஜன் என்ற இளைஞர் தம் ஆசிரியரான நாராயண குருவின் ஆசியுடன் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். உதகமண்டலத்தை அடுத்த ஃபெர்ன்ஹில் அதன் நிலையான இல்லமாயிற்று.

இத்தகைய பேச்சை இன்றைய கல்விப்புலம் ‘துறைகடந்த உரையாடல்’ என்று அழைக்கிறது. ஒரே பொருளைப் பல துறையினர் தத்தம் முறையில் ஆராய்ந்து முடிவுகளை அருகருகே வைப்பது பல்துறை ஆய்வு. ஒரு துறையின் கருவியை மற்றொரு துறை இரவல் வாங்கிக்கொள்வது, எடுத்துக்காட்டாக இயற்பியலின் கதிர்வீச்சு அளவீட்டைத் தொல்லியல் பயன்படுத்துவது, துறையிடை ஆய்வு. துறைகளின் எல்லைகளுக்கு அப்பால் நின்று, அறிபவர், அறிதல், அறியப்படும் பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்தே கேள்விக்கு உட்படுத்துவது துறைகடந்த ஆய்வு. இச்சொல் 1970-இல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் உளவியலாளர் ழான் பியாஜே வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. இயற்பியலாளர் பசராப் நிகொலெஸ்கு உள்ளிட்டோரின் முயற்சியால் 1994-இல் போர்ச்சுகலின் அராபிதாவில் அதற்கென ஒரு சாசனமே எழுதப்பட்டது. ஃபெர்ன்ஹில்லில் நடந்த முயற்சி இந்தச் சொல் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது என்பது பெருமைக்காகச் சொல்லப்படுவதன்று. அந்த முயற்சி ஐரோப்பிய விவாதத்தின் கிளையாக அல்லாமல் வேறொரு வேரிலிருந்து முளைத்தது என்பதை மனத்தில் இருத்துவதற்காகவே இங்குக் குறிக்கப்படுகிறது.

அந்த வேர் தமிழுக்கு அந்நியமானதன்று. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கதைத் தலைவி கேட்டறியும் காதை ஒன்று உண்டு. அளவைவாதியில் தொடங்கி உலகியல் பேசும் பூதவாதி வரை அந்த வரிசை நீள்கிறது. சைவரும் வைணவரும் ஆசீவகரும் பேசுவதற்கு முன்னால் அளவைவாதி பேசுகிறார் என்பதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. அளவை என்பது பிரமாணம், அதாவது ஓர் அறிவு சரியானது என்று கொள்வதற்கான அடிப்படை. கண்ணால் காண்பது காண்டல், கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வது கருதல், நம்பத்தக்கோர் வாக்கை ஏற்பது உரை என்று சைவ சித்தாந்திகள் அதை மூன்றாகத் தொகுத்தனர். இன்றைய சொற்களில் சொன்னால், அறிவியல் காண்டலையும் கருதலையும் தன் இரு கால்களாகக் கொள்கிறது, சமயம் உரையின்மீது நிற்கிறது, தத்துவம் இம்மூன்றில் எது எந்த எல்லை வரை செல்லும் என்று கேட்கிறது. ஆனால் இந்த மரபின் பெரும்பகுதி வாதத்தின் மரபு; குண்டலகேசிக்கு எதிராக நீலகேசி எழுதப்பட்டதைப் போல, ஒருவரை வெல்வதற்காக மற்றொருவர் பேசிய மரபு. வெல்லும் நோக்கமின்றிப் பேசுவது அதனினும் கடினமானது.

அந்தக் கடினமான வழியைத் தேர்ந்தெடுத்தவர் நாராயண குரு. 1924-இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் அவர் கூட்டிய சர்வசமய மாநாட்டின் நோக்கம், வாதிட்டு வெல்வதன்று, தாமறிந்து பிறருக்கும் அறிவிப்பதே என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. கேரளத்தின் சமூகச் சீர்திருத்தவாதியாகவே தமிழகத்தில் பெரிதும் அறியப்பட்டிருக்கும் அவர், தைக்காடு அய்யாவிடம் யோகம் பயின்றவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மருத்துவாழ்மலையில் தவமிருந்தவர், தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர், கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கத்தை மலையாளமாக்கியவர். தமிழ்ச் சைவமும் வடமொழி அத்வைதமும் அவருள் சண்டையின்றிக் குடியிருந்தன. ஆலுவா மாநாட்டில் பேசியவர்கள் சமயங்களின் பிரதிநிதிகள் மட்டுமே. அறிவியல் அங்கே ஒரு தரப்பாக அழைக்கப்படவில்லை. அந்த விடுபட்ட இருக்கையை நிரப்பும் வேலை அவருடைய மாணவருக்கு வாய்த்தது.

பின்னாளில் நடராஜ குரு என்று அறியப்பட்ட அம்மாணவர் 1895-இல் பெங்களூரில் பிறந்தவர். அவருடைய தந்தை டாக்டர் பல்பு, சென்னையில் மருத்துவம் படித்தும் ஈழவர் என்ற காரணத்தால் திருவிதாங்கூர் அரசுப் பணி மறுக்கப்பட்டவர். மைசூர் அரசின் மருத்துவப் பணியில் சேர்ந்து, பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கிய காலத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர். 1903-இல் நாராயண குருவைத் தலைவராகக் கொண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவானதில் பெரும்பங்கு வகித்தவர். நோயின் காரணத்தை நுண்ணுயிரில் தேடிய அறிவியலும், மனிதனை மனிதன் தீண்டாமல் ஒதுக்கும் மற்றொரு நோய்க்கு ஒரு துறவியிடம் மருந்து தேடிய நம்பிக்கையும் அந்த வீட்டில் ஒரே கூரையின்கீழ் இருந்தன. மகன் சென்னை மாநிலக் கல்லூரியில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார், கல்வி உளவியலும் பயின்றார், பிறகு பதவி தேடிப் போகாமல் நாராயண குருவிடம் போனார்.

1928-இல் நாராயண குருவின் விருப்பப்படி ஐரோப்பா சென்ற நடராஜன், ஜெனீவா ஏரிக்கரையில் கிளாண்ட் என்ற ஊரிலிருந்த சர்வதேசப் பள்ளியொன்றில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே பாரீஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று நாராயண குரு வர்க்கலையில் மறைந்தார். ஜெனீவாவிலிருந்து வெளிவந்த ‘தி சூஃபி குவார்ட்டர்லி’ இதழில் நடராஜன் தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய கட்டுரைகளைப் படித்துத்தான் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலான் தம் ராமகிருஷ்ணர் வாழ்க்கை வரலாற்றில் நாராயண குருவைக் குறிப்பிட்டார். சோர்போன் ஆய்வேட்டின் பொருள், கல்விச் செயல்பாட்டில் ஆளுமை வகிக்கும் பங்கு. ஆசிரியர், மாணவர் இருவருக்கும் இடையில் ஏற்படும் இருதுருவ உறவு, அதாவது காந்தத்தின் இரு முனைகளைப் போல ஒன்றின்றி மற்றொன்று பொருள்படாத உறவு, கற்றலின் அடிப்படை என்று அவர் கருதினார். குரு-சீடர் உறவு என்று இந்திய மரபு பக்தியோடு பேசிவந்த ஒன்றை உளவியலின் சொற்களில், பாரீஸின் பேராசிரியர்கள் கேள்வி கேட்கக்கூடிய வடிவத்தில் அவர் வைத்தார் என்பதுதான் அந்த ஆய்வேட்டின் முக்கியத்துவம். பின்னாளைய பெரும்பணிக்கு அது ஒத்திகையாக அமைந்தது.

1933-இல் நாடு திரும்பிய பிறகு ஃபெர்ன்ஹில்லைத் தளமாகக் கொண்டு அவர் செய்த பணியின் முழு வடிவம், அவர் மறைந்த பின் 1977-இல் வெளிவரத் தொடங்கிய ‘அன் இன்டகிரேட்டட் சயின்ஸ் ஆஃப் தி அப்சொல்யூட்’ என்ற பெருநூல். பரம்பொருள் பற்றிய ஓர் ஒருங்கிணைந்த அறிவியல் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இந்நூல் நாராயண குரு வடமொழியில் இயற்றிய ‘தர்சனமாலா’வின் விரிவுரையாக அமைந்தது. தர்சனமாலா பத்துத் தரிசனங்களும் தரிசனத்துக்குப் பத்துச் செய்யுள்களுமாக நூறு செய்யுள்கள் கொண்டது, உலகத் தோற்றத்தில் தொடங்கி, உணர்வின் ஆராய்ச்சியை நடுவில் வைத்து, நிர்வாணத்தில் முடிவது. பத்துத் தரிசனங்களும் பத்து வெவ்வேறு மதங்களின் கொள்கைகள் அல்ல, ஒரே மெய்ம்மையைப் பத்துக் கோணங்களில் பார்க்கும் பத்துப் பார்வைகள் என்று நடராஜ குரு வாசித்தார்.

அவர் உருவாக்கிய பொதுப் பேச்சுமுறையின் அச்சாணி ஒரு சிலுவைக் கோட்டுப்படம். 1637-இல் ரெனே தெகார்த் வெளியிட்ட வடிவியல் நூல் வழியாகக் கணிதத்துக்குள் வந்த ஆய அச்சுகளை, அதாவது பள்ளி மாணவர் வரைபடத்தாளில் வரையும் கிடைக்கோட்டையும் நெடுக்கோட்டையும், அவர் சிந்தனையின் வரைபடமாக எடுத்துக்கொண்டார். அதன் செயல்பாட்டை அத்வைதிகளின் பழைய உவமையான மண்குடத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். எதிரே திண்ணையில் இருக்கும், தொட்டால் குளிரும், தட்டினால் ஒலிக்கும் குடம் கிடைக்கோட்டின் வலப்பக்கத்தில் நிற்கிறது. கண்ணை மூடினால் மனத்தில் தோன்றும், கனவில் வந்தால் தண்ணீரும் நிரம்பியிருக்கும் குடம் அதே கோட்டின் இடப்பக்கத்துக்கு உரியது. குடமாவதற்கு முன்பும் உடைந்த பின்பும் இருக்கும் மண், அதன் காரணப்பொருள், நெடுக்கோட்டின் கீழ்முனையில் இருக்கிறது. குயவர் வனையாத, உடையவே முடியாத ‘குடம்’ என்ற சொல்லும் அச்சொல் சுட்டும் கருத்தும் மேல்முனைக்கு உரியன. நான்கும் வெட்டிக்கொள்ளும் நடுப்புள்ளியில்தான் ஒரு மனிதர் ஒரு குடத்தை அறிகிறார். மாண்டூக்கிய உபநிடதம் பேசும் நனவு, கனவு, உறக்கம், துரியம் என்னும் நான்கு நிலைகளும் முறையே இந்த வலம், இடம், கீழ், மேல் ஆகிய நான்கு முனைகளில் பொருந்துகின்றன.

இதனால் விளையும் பயன் என்ன என்ற கேள்வி நியாயமானது. இயற்பியலாளர் ஒருவரும் பக்தர் ஒருவரும் ‘காலம்’ பற்றிப் பேசத் தொடங்கினால், அவர்கள் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே பல நேரங்களில் தெளிவாவதில்லை. 1922 ஏப்ரல் 6 அன்று பாரீஸில் ஐன்ஸ்டைனும் தத்துவ அறிஞர் ஆன்ரி பெர்க்சனும் நேருக்கு நேர் மோதிக்கொண்டது இந்த இடத்தில்தான்: கடிகாரங்களால் அளக்கப்படுவதே இயற்பியலின் காலம் என்று ஒருவர் நின்றார், அனுபவத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தொடர்ச்சியை அளவீடு தொடுவதேயில்லை என்று மற்றவர் நின்றார். பெர்க்சனை ஆழ்ந்து கற்றிருந்த நடராஜ குருவின் விடை, இருவரும் வெவ்வேறு அச்சுகளில் நின்று பேசுகிறார்கள் என்பது. இடத்தோடு பிணைந்து அளவிடப்படுவது கிடைக்கோட்டுக் காலம், அறிபவரின் உள்ளே ஓடுவது நெடுக்கோட்டுக் காலம். நம் முன் இருக்கும் திடமான மேசையும் அணுக்களின் வெற்றிடமான மேசையும் என இரண்டு மேசைகள் இருப்பதாக எழுதிய வானியற்பியலாளர் ஆர்தர் எடிங்டனையும் அவர் இதே வரைபடத்துக்குள் கொண்டுவந்தார். ஒருவரைப் பொய்யர் ஆக்காமல் இருவர் சொல்வதையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்க்க இந்தப் படம் உதவுகிறது.

ஆனாலும் இதை ‘அறிவியல்’ என்று அழைத்ததில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைத்து எழுதுவது நடராஜ குருவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒரு கூற்று எந்தச் சோதனையில் தோற்கக்கூடும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் அது அறிவியல் கூற்று என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1934-இல் வகுத்த வரையறையை வைத்துப் பார்த்தால், ஃபெர்ன்ஹில்லின் வரைபடம் அறிவியலாகாது. எந்த ஆய்வுக்கூட முடிவும் அதைப் பொய்யாக்கப் போவதில்லை. வடமொழியின் ‘சாஸ்திரம்’ என்ற சொல்லுக்குரிய பொருளில், முறைப்படுத்தப்பட்ட அறிவு என்ற பொருளிலேயே அவர் அச்சொல்லை ஆண்டார். அதற்கு மிகவும் பொருத்தமான சொல் தமிழில் ஏற்கனவே இருக்கிறது: இலக்கணம். இலக்கணம் புதிய செய்தி எதையும் கண்டுபிடிப்பதில்லை. ஆனால் இருவர் பேசிக்கொள்ளும்போது எது எழுவாய், எது பயனிலை, எங்கே திணை மயங்கியது என்று காட்டுகிறது. அறிவியலும் சமயமும் மோதிக்கொண்ட வரலாற்றில் பல சண்டைகள் இத்தகைய திணை மயக்கங்களால் நேர்ந்தவை என்பதால், இலக்கணம் என்று சொல்வது அம்முயற்சியைக் குறைத்து மதிப்பிடுவதும் ஆகாது.

இந்தச் சிந்தனை மலையோடு நின்றுவிடவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஸ்பியர்ஸ் நடராஜ குருவின் சீடராகி, 1955 முதல் பெங்களூருக்கு அருகிலுள்ள ககலிபுரத்திலிருந்து ‘வேல்யூஸ்’ என்ற ஆங்கில மாத இதழை நடத்தினார். தம்மை உலகக் குடிமகனாக அறிவித்துக்கொண்ட அமெரிக்கரான கேரி டேவிஸ் நடராஜ குருவிடம் பயில 1956-இல் இந்தியா வந்தார். 1973 மார்ச் 19 அன்று நடராஜ குரு வர்க்கலையில் மறைந்ததும் குருகுலத்தின் பொறுப்பு அவருடைய சீடரான நித்ய சைதன்ய யதியிடம் வந்தது.

நித்யாவின் துறை உளவியல். 1924-இல் இன்றைய பத்தனம்திட்டா மாவட்டத்தில் பிறந்த அவர், சென்னை விவேகானந்தா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். 1960-களில் டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் இயங்கிய, உளவியல்-ஆன்மிக ஆராய்ச்சிக்கான நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அந்தக் காலகட்டத்தில்தான் யோகிகளின் நாடித்துடிப்பையும் மூளை அலைகளையும் கருவிகளால் பதிவு செய்யும் ஆய்வுகள் இந்தியாவில் தொடங்கியிருந்தன. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் பி. கே. ஆனந்த், ஜி. எஸ். சீனா, பல்தேவ் சிங் ஆகியோர் தியானத்தில் ஆழ்ந்த யோகிகளின் மூளை அலைகளைப் பற்றிய கட்டுரையை 1961-இல் வெளியிட்டனர். தியானத்தில் இருப்பவரின் மூளையில் குறிப்பிட்ட வகை அலை ஓங்குகிறது என்பது கிடைக்கோட்டின் வலப்பக்கத்துச் செய்தி; அவர் அப்போது எதை உணர்ந்தார் என்பது அக்கருவிக்கு எட்டாதது. இந்த இடைவெளியை நன்கு அறிந்திருந்த நித்யா, தர்சனமாலாவுக்கு உளவியல் நோக்கில் ஒரு விரிவுரை எழுதினார். ‘ஆத்மோபதேச சதகம்’ என்ற நாராயண குருவின் மலையாள நூலுக்கும் விரிவாக உரை சொன்னார். கிழக்கு-மேற்கு பிரம்மவித்யைப் பல்கலைக்கழகம் என்ற அமைப்பை வழிநடத்தினார்.

ஃபெர்ன்ஹில் குருகுலத்தின் அன்றாடத்தில் காலை வகுப்பு முதன்மையானது. யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே பனி விலகாத நேரத்தில் ஒரு நூலின் பகுதி வாசிக்கப்படும், விளக்கப்படும், அதன்மேல் பேச்சு தொடரும். மேலை நாட்டு மாணவர்களும் மலையாள எழுத்தாளர்களும் தமிழ் இளைஞர்களும் அந்த வட்டத்தில் இருந்தனர். 1990-களில் அங்கு வந்த தமிழ் எழுத்தாளர் ஜெயமோகன் நித்யாவைத் தம் ஆசிரியராக ஏற்றுக்கொண்டவர். இந்தியத் தத்துவ மரபுகளைத் தமிழ் வாசகருக்கு எளிமையாக எடுத்துச்சொன்ன அவருடைய ‘இந்து ஞான மரபில் ஆறு தரிசனங்கள்’ போன்ற நூல்களிலும், நித்யாவின் பெயரால் அந்தக் குருகுலத்தில் அவர் நடத்திய இலக்கியச் சந்திப்புகளிலும் ஃபெர்ன்ஹில்லின் விவாத முறை தமிழுக்குள் வந்து சேர்ந்தது. நவீன இலக்கிய வாசகரிடையே மெய்யியல் பேச்சுக்கு ஓர் இடம் உருவானதில் அதற்குப் பங்கு உண்டு.

இவ்வளவையும் சொன்ன பிறகு, அதே ஊரில் நடந்த மற்றொரு கதையைச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு ஒற்றைக்காலில்தான் நிற்கும். ஹோமி பாபா 1945-இல் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1950-களில் ஊட்டியின் ராஜ்பவன் வளாகத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. காஸ்மிக் கதிர் என்பது விண்வெளியிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் வந்து வளிமண்டலத்தில் மோதும் அணுத்துகள். அந்த மோதலில் பிறக்கும் துகள்கள் மேலும் மோதி, மேலும் பிறந்து, மழைபோலத் தரையில் இறங்குகின்றன. கடல் மட்டத்தைவிட இங்குக் காற்றடுக்கு மெல்லியது என்பதால் மலையின் உயரமே ஆய்வுக்கருவியின் ஒரு பகுதியாயிற்று. அந்த ஆய்வுக்கூடத்தின் வாரிசான கிரேப்ஸ்-3, ஏறத்தாழ 400 ஒளிர்வுக் கருவிகளோடும் அந்தத் துகள்மழையில் வரும் மியூவான் என்ற துகள்களை எண்ணும் 560 சதுர மீட்டர் பரப்புள்ள தொலைநோக்கியோடும் இன்றும் இயங்குகிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியின் மேல் கடந்த ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருந்ததை, மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததிலிருந்து அது கணித்தது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் குறைந்ததைக் கொண்டு கை எட்டாத மேகத்தின் உள்ளே இருப்பதை அறிவதுதான் ‘கருதல்’ என்ற அளவையின் உச்சம்.

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி இந்த உரையாடலுக்கு இன்னும் நெருக்கமானது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்த உருளைவடிவ ஆன்டெனா, வடக்கு தெற்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவில் கிடத்தப்பட்டிருக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகையே. இதனால் அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் மெல்லச் சுழன்றாலே ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் விடாமல் பின்தொடர முடிகிறது. சந்திரனின் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தில் அதன் குறிகை எப்படி மங்குகிறது என்று பதிவு செய்து, நூற்றுக்கணக்கான தொலைதூர மூலங்களின் அளவை அங்கே கணக்கிட்டனர். 1975-இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவுகள், பிரபஞ்சம் எக்காலத்திலும் ஒரே மாதிரியாக இருக்கிறது என்ற நிலைபேற்றுக் கொள்கைக்கு எதிராகவும், அது காலத்தோடு மாறிவருகிறது என்ற பெருவெடிப்புக் கொள்கைக்கு ஆதரவாகவும் அமைந்தன.

பெருவெடிப்பு அறிவியலும் சமயமும் சந்திக்கும் இடம். தவறாகச் சந்திக்கும் இடமும் அதுவே. அக்கொள்கையின் மூலவரான ஜார்ஜ் லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், படைப்பைப் பற்றிய சமயக் கூற்றுக்கு நவீன வானியல் சான்று தருகிறது என்ற தொனியில் பேசியபோது அதை விரும்பாதவர் லெமெய்த்ர்தான். இன்று சான்றாகக் கொண்ட கொள்கை நாளை ஆய்வில் வீழ்ந்தால் கடவுளும் அதோடு சேர்ந்து வீழ வேண்டியிருக்கும் என்பதை ஓர் இயற்பியலாளர் அறியாதிருக்க முடியாது. வேதத்திலேயே பெருவெடிப்பு இருக்கிறது, நடராஜர் ஆட்டத்திலேயே அணு இயற்பியல் இருக்கிறது என்று தமிழ்நாட்டு மேடைகளில் முழங்கும் பேச்சுகளும் இதே பிழையைத்தான் செய்கின்றன. அது உரையாடல் ஆகாது. ஒரு துறை மற்றொரு துறையிடம் நற்சான்றிதழ் கேட்டு நிற்பதே ஆகும்.

தர்சனமாலாவின் அமைப்பு இந்தப் பிழைக்கு இடம் தருவதில்லை. அதன் முதல் தரிசனம் உலகின் தோற்றத்தைக் கனவோடு ஒப்பிட்டுப் பேசுகிறது. அதன் பெயரோ ‘அத்யாரோபம்’, அதாவது ஏற்றிக்கூறுதல், கயிற்றின்மேல் பாம்பை ஏற்றிக் காண்பதைப் போன்றது. அடுத்த தரிசனத்தின் பெயர் ‘அபவாதம்’, ஏற்றியதை இறக்கிவிடுதல். மாணவருக்குப் புரியும் பொருட்டு ஒரு படைப்புக் கதையைச் சாரமாகக் கட்டி, அதில் ஏறி நின்று காரணகாரியத்தை விளங்கிக்கொண்டதும் சாரத்தைப் பிரித்துவிடுவது அத்வைதத்தின் பழைய கற்பித்தல் முறை. படைப்பைப் பற்றிய தம் கூற்றே தற்காலிகமானது என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளும் ஒரு நூலுக்கு முத்தோரையின் தொலைநோக்கி சான்றும் தர வேண்டியதில்லை, ஆபத்தும் ஆவதில்லை. ஆகவே இரண்டும் அச்சமின்றிப் பேசிக்கொள்ளலாம். ஃபெர்ன்ஹில் சிந்தனையின் ஆகச் சிறந்த கொடை இதுதான். சிலுவைக் கோட்டுப்படத்தைக்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வைக்க வேண்டும்.

குறையும் அதே அளவு வெளிப்படையானது. நடராஜ குருவின் நூல் எடிங்டனோடும் பெர்க்சனோடும் தெகார்த்தோடும் புத்தகங்கள் வழியாகப் பேசியது; கருவியோடு இரவெல்லாம் விழித்திருந்து, எதிர்பார்த்த முடிவு வராமல் தவிக்கும் ஆய்வாளரின் குரல் அதில் கேட்பதில்லை. அறிவியலின் முடிவுகள் அந்த வட்டத்துக்குள் வந்தன, அதன் ஐயங்கள் வரவில்லை. அந்தக் குறையை நிரப்பக்கூடிய பயணம் எதிர்த்திசையிலிருந்து நிகழ்ந்தது. 1948-இல் டாட்டா நிறுவனத்தில் சேர்ந்து, கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலும் ஊட்டியின் உயரத்திலும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து, 1975 முதல் 1987 வரை அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்த பி. வி. ஸ்ரீகண்டன், ஓய்வுக்குப் பின் 1992-இல் பெங்களூரின் தேசிய உயராய்வு நிறுவனத்துக்குச் சென்று, அறிவியலின் தத்துவம், உணர்வு, இந்தியத் தத்துவங்களில் மெய்ம்மையின் இயல்பு ஆகியவற்றை ஆராயத் தொடங்கினார். சங்கீதா மேனன், அனிந்த்ய சின்ஹா ஆகியோருடன் சேர்ந்து உணர்வு, தன்னிலை பற்றிய கட்டுரைத் தொகுதிகளைப் பதிப்பித்தார். அவற்றில் ஒன்று 2014-இல், அவர் தொண்ணூறை நெருங்கிய வயதில் வெளிவந்தது. அளந்து அளந்து பழகிய ஒருவர், அளப்பவர் யார் என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார். நடராஜ குரு அந்தக் கேள்வியில் தொடங்கி அளவீட்டை நோக்கி வந்தவர். இருவர் வாழ்வையும் இணைத்துப் படிக்கும்போதுதான் நீலகிரியில் நடந்த உரையாடலின் முழு வட்டம் தெரிகிறது.

நித்ய சைதன்ய யதி 1999 மே 14 அன்று ஃபெர்ன்ஹில்லிலேயே மறைந்தார். அவருடைய சமாதி குருகுல வளாகத்தில் இருக்கிறது. ஸ்ரீகண்டன் 2019 அக்டோபர் 27 அன்று காலமானார். ஊட்டிக்குச் செல்லும் வாசகர்கள் தாவரவியல் பூங்காவையும் படகு இல்லத்தையும் பார்த்து முடித்த பின் அரை நாளை ஒதுக்கி வைக்க வேண்டும்: முதலில் ஃபெர்ன்ஹில் குருகுலம், பிறகு முத்தோரைச் சரிவு. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் மலைப்பாதைதான்.

(தொடரும்)